புதுப்பிப்பு: சூடானதும் நின்றுபோன 1973 கேம்பர் வேன் இப்போது ஓடுகிறது

என் பழைய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 (1600 சிசி) 20 நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன், அப்புறம் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) மாற்றினேன். பலனில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) உள்ள கண்டென்சரை (பாயிண்ட் கருகாமல் காக்கும் சின்ன மின்தேக்கி) பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. திறந்தால் பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) முனை கருகி, ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு. கண்டென்சர், பாயிண்ட் இரண்டையும் புதிதாகப் போட்டு, பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. வைத்தேன். நேற்று 2 மணி நேரம் நிற்காமல் ஓடியது.

எதிர்பாராதது பெட்ரோல் ஹோஸ். விரலால் வளைத்ததுமே துணிப்பின்னலுக்கு அடியில் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. சூடான இன்ஜினை ஒட்டிப் போகும் குழாய் அது. கசிந்தால் வண்டியே எரிந்துவிடும். முழுவதும் மாற்றிவிட்டேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே தொட்டுப் பாருங்கள்.