கடவுளை நம்பாதவர் காரணம் காட்டணுமா?

குடியாத்தத்தான்:
கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வசூல் நோட்டோடு வருகிறவர்களிடம் "எனக்கு நம்பிக்கை இல்லீங்க" என்றால், பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "சாமி இல்லைன்னு நிரூபி பார்ப்போம்." நிரூபிக்க வேண்டியது யார்? இன்னொன்று, விண்ணப்பம், கல்யாணப் பதிவு என்று போனால் அங்கேயும் விளக்கம் கேட்பார்களா?

தர்க்கப்பித்தன்:
மூன்று பேச்சை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். "நான் நம்பவில்லை" என்பது உங்கள் மனநிலை, அதற்கு நிரூபணம் தேவையில்லை. "இருக்கிறார் என்பதற்குச் சான்று போதவில்லை" என்றால், எந்தச் சான்றைப் பார்த்தீர்கள், எங்கே போதவில்லை என்று சொல்லியாக வேண்டும். "கடவுளே கிடையாது" என்றால் நிரூபிக்கும் சுமை முழுதும் உங்கள் தலையில். நம்மூர்ச் சண்டைகளில் முதலாவதில் ஆரம்பித்து, சூடேறியதும் மூன்றாவதுக்குத் தாவி, மடக்கினால் மறுபடி முதலாவதுக்கு ஓடி வருவார்கள். தோற்பது அங்கேதான்.

நிரூபிக்கும் சுமை நம்புகிறவருக்கே என்று 1972இல் வாதாடியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ. (பின்னாளில் அவரே ஒரு படைப்பாளி உண்டு என்ற பக்கம் சாய்ந்தார். அதனால் அந்த வாதம் பொய்யாகிவிடாது.)

"இல்லாததை நிரூபிக்கவே முடியாது" என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள். அபாவம், அதாவது ஒன்று இல்லாமையை அறிவது, என்பதை ஓர் அளவையாகவே (அறியும் வழியாகவே) நம் தர்க்கமரபில் பலர் ஏற்றார்கள், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவைப் பட்டியலிலும் அது உண்டு. ஒரே நிபந்தனை: பொருள் இருந்திருந்தால் தென்பட்டே ஆக வேண்டும். மேசைமேல் சொம்பு இல்லை என்பதற்குக் கண் போதும், மேசைமேல் கிருமி இல்லை என்பதற்குப் போதாது. ஆகவே "எந்தக் கடவுள்?" என்று முதலில் கேளுங்கள். வேண்டியதைத் தவறாமல் தருகிறவர் என்றால் சோதித்துப் பார்க்கலாம். குணம் குறி எதுவும் இல்லாத பரம்பொருள் என்றால் சோதனைக்கு இடமில்லை, அங்கே "கிடையாது" என்று அடித்துப் பேசாமல் இரண்டாவது நிலையில் நிற்பதே நேர்மை.

நம்புகிறவர்களும் இந்தச் சுமையை ஒருகாலத்தில் தட்டிக்கழிக்கவில்லை. நியாயம் என்ற தர்க்க மரபின் உதயணர் கடவுள் உண்டு என்று காட்டவே ஒரு நூல் எழுதினார். வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர் பலர் வேதத்தை ஏற்று, படைத்தவனை ஏற்கவில்லை. வள்ளிமலையில் முருகன் கோயில் இருக்கும் அதே மலையில் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன; உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை அந்தச் சமணர் ஏற்காதவர்கள். இதெல்லாம் ஈரோட்டில் ஆரம்பித்த பேச்சு இல்லை.

திருநீற்றுக்காரன்:
முதல் நிலையிலேயே நிற்கிற நாத்திகரைக் காண்பது அபூர்வம். "தேருக்குப் போடற காசு தண்டம்" என்று சொன்ன நிமிஷமே கணக்கு அவர் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் வசூலுக்குப் போய் நிரூபணம் கேட்பது அத்துமீறல்தான். வீட்டில் விளக்கேற்றுகிறவரிடம் யாராவது போய் நிரூபி என்று நின்றால் பொறுத்துக்கொள்வோமா?

தாலுகா ஆபீஸ்:
விண்ணப்ப விஷயத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தையும் சேர்த்தே காக்கிறது. யாரையும் மதத்தை அறிவிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் சொன்னது. பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களை விட்டுவிடலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் 1973, 2000 ஆண்டு அரசாணைகள் உண்டு. தெரியாது என்று சொன்னால் நகலை நீட்டுங்கள்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019 பிப்ரவரியில் 'சாதி, மதம் அற்றவர்' சான்றிதழ் வாங்கியபோது அந்தத் தாலுகா வேலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பள்ளியிலிருந்தே அவருடைய ஆவணங்களில் அந்தக் கட்டங்கள் காலி. அதுதான் அவருக்குக் கைகொடுத்தது. பழைய சான்றில் சாதி இருப்பவருக்கு அவ்வளவு சுலபமாக நகராது.

பலர் சறுக்குவது இங்கே: அந்தச் சான்றை வாங்கினால் இடஒதுக்கீடு போய்விடும். நம்பிக்கை இல்லை என்பதற்காகச் சாதிச் சான்றை விடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. பட்டியல் சாதியினர் இன்னும் கவனம்: 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே அந்தப் பட்டியலில் வருவார்கள். மதக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதும் முன் யோசியுங்கள்.

கல்யாணம் என்றால் இரண்டு வழி. சுயமரியாதைத் திருமணம் 1967 திருத்தத்தால் வந்த 7-அ பிரிவு. அது இருப்பதோ இந்துத் திருமணச் சட்டத்துக்குள். முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாதவரைப் பொதுவாக அந்தச் சட்டம் இந்து என்றே எடுத்துக்கொள்கிறது, சாமி கும்பிடாவிட்டாலும்! வேண்டாம் என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்: நோட்டீஸ், 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் புதிதாகக் கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆதாரில் மட்டும் காட்பாடி முகவரி வைத்திருப்பவர்கள் சிக்குவது இதில்தான்.

குடியாத்தத்தான்:
சிறப்புச் சட்டத்தில் பண்ணினால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாக ஆகிவிடும் என்கிறார்களே?

தாலுகா ஆபீஸ்:
19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இருவருமே இந்து என்றால் 1976இல் சேர்த்த 21-அ பிரிவால் அது பொருந்தாது. நாங்கள் எந்த மதமும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்குமா என்பதை நோட்டீஸ் கொடுக்கும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். சட்டத்தோடு உள்ள நோட்டீஸ் படிவத்தில் பெயர், திருமண நிலை, தொழில், வயது, முகவரி, எத்தனை நாள் குடியிருப்பு, இவ்வளவுதான். மதத்துக்குக் கட்டமே இல்லை, நீங்களாக ஒன்றும் சேர்க்காதீர்கள்.