புதுப்பிப்பு: மண்டி ராஸ்பெரி பை ரீஸ்டார்ட் ஆன கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: கிருஷ்ணகிரியில் மாமாவின் மாங்காய் மண்டியில் கேமரா பதிவுக்கு வைத்த ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், எஸ்எஸ்டியும் (பதிவைச் சேமிக்கும் டிஸ்க்) ஃபேனும் மாட்டிய பிறகு ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ஏன் என்று. சார்ஜரைப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்ன நண்பர் சொன்னதுதான் சரி. அதைக் கேட்காமல் இரண்டு தடவை ஓஎஸ் போட்டுப் பார்த்தது என் வெட்டி வேலை.

திரை மூலையில் எட்டிப் பார்த்த மஞ்சள் மின்னல் குறியை நான் மதிக்கவே இல்லை. சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வரும் எச்சரிக்கை அது. மல்டிமீட்டரை போர்டின் 4, 6-ஆம் பின்களில் (5 வோல்ட்டும் கிரவுண்டும்) வைத்தேன். சும்மா இருக்கும்போது 4.9. எஸ்எஸ்டியில் பதிய ஆரம்பித்ததும் 4.5!

"33 வாட் போன் சார்ஜர்டா, தாராளம்" என்றான் மச்சான். அந்த 33 வாட், சார்ஜர் கேபிள் வழியாகப் போனோடு பேசி வோல்ட்டேஜை ஏற்றினால்தான் கிடைக்கும். ராஸ்பெரி பைக்கு வேண்டியது வெறும் 5 வோல்ட். அதில் இது தருவது 2 ஆம்பியர் என்று சார்ஜர் முதுகிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு மீட்டருக்கு நூல் மாதிரி ஒரு கேபிள்.

இப்போது 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர். நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் என்பதால், எஸ்எஸ்டி தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப்புக்குப் போய்விட்டது. ஆறு ராத்திரி ஓடியிருக்கிறது. நேற்று ஒரு தடவை நின்றது, ஆனால் அது மண்டியிலேயே கரண்ட் போனதால்.