தோட்டத்துப் படங்களுக்கு எந்த ஹோஸ்டிங்?

*குழு: பழைய தோட்டத்து சொந்தங்க 🌴 சுங்கை சிப்புட்*

சாந்தி அக்கா: எல்லாரும் பசியாறியாச்சா. ஒரு விஷயம் லா. நம்ம தோட்டத்து பழைய படமெல்லாம் போட்டு வச்சிருக்கோமே அந்த வெப்சைட்டு, அதுக்கு சர்வர்ல எடம் வாடகைக்கு குடுக்குற ஹோஸ்டிங் கம்பெனிகிட்டேர்ந்து ரினியூவல் பில்லு வந்திருக்கு. போன வருசம் 118 வெள்ளி (ரிங்கிட்) கட்டுனோம், இப்ப 396னு போட்டிருக்கான், அதுவும் சேவை வரி சேக்காம

கிராணி மாமா: 396ஆ?? படம் அதே படம்தானே

லோரி சிவா: படத்துக்கும் வயசாச்சுல்ல மாமா, பென்சன் கேக்குது 😂

கிராணி மாமா: விளையாடாத சிவா. வரி 8% சேத்தா 427 வெள்ளி 68 காசு. 2024 மார்ச்லேர்ந்து 6 இல்ல, 8. யாரு கட்டுறது

பிரேம் சைபர்ஜெயா: மாமா இது நெறய ஹோஸ்டிங் கம்பெனி பண்ற வேலதான், விளம்பரத்துல பெருசா போடுறது முத வருச வெல, ரினியூவல் வெல கீழ பொடி எழுத்துல இருக்கும் யாரும் படிக்க மாட்டாங்க. வேற எடம் பாத்தாலும் மொதல்ல ரெண்டாவது வருச வெலய கேட்டுட்டுதான் பேச்சே

சாந்தி அக்கா: காசு மட்டும் இல்லடா பிரேமு. தீபாவளிக்கு எல்லாரும் ஊருக்கு வந்து பாக்குற நேரத்துல தொறக்கவே இல்ல. சப்போர்ட்டுக்கு எழுதுனா மூணு நாள் கழிச்சு "உங்க பிரவுசர் கேஷ கிளியர் பண்ணுங்க"ன்னு பதில் வருது. இப்ப புதுப்படம் ஏத்துனா லிமிட் தாண்டிருச்சுங்குறான். அன்லிமிடெட்னு சொல்லித்தானே வித்தான்

பிரேம் சைபர்ஜெயா: அன்லிமிடெட்னா எடம் அன்லிமிடெட்க்கா, ஆனா ஃபைல் எத்தனன்னு தனியா கணக்கு வச்சிருப்பான், ஐநோடுன்னு பேரு. நீங்க ஒரு படம் ஏத்துனா வேர்ட்பிரஸ் அதயே சின்னது நடுத்தரம் பெருசுன்னு அஞ்சாறு காப்பி வெட்டி வச்சுக்கும், அப்ப ரெண்டாயிரம் படம்னா பத்தாயிரத்துக்கு மேல ஃபைலு, அதோட மெயிலு, பிளகின் எல்லாம் சேந்து அந்த கணக்குல போயி முட்டுது. ஐநோடு லிமிட் எவ்ளோன்னு கட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும்

லோரி சிவா: பேசாம பேஸ்புக்ல போட்ருங்க ஓசில போவும்

சாந்தி அக்கா: பேஸ்புக்ல போட்டா நாளைக்கு தேடி எடுக்க முடியுமா நீ? ஒவ்வொரு படத்துக்கும் எந்த லயம் (தோட்டத்து வரிசை வூடு), யாரு வூடு, நிக்கிறது யாருன்னு எழுதி வச்சிருக்கேன். மலாயா எமர்ஜென்சி காலத்துல, அதான் கம்யூனிஸ்ட்டு சண்ட நேரத்துல, லயத்த சுத்தி முள்வேலி போட்ட படம் ஒன்னு இருக்கு, பெரியப்பா டப்பாவுல இருந்து எடுத்தது, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு போச்சு. அதுல வேலி ஓரமா ரப்பர் பால் வாளியோட நிக்கிற பொம்பள யாருன்னு போன மாசம்தான் கிள்ளான்ல இருந்து ஒருத்தவங்க பாத்துட்டு எங்க பாட்டின்னு எழுதுனாங்க

கபில் கூலிம்: அக்கா விபிஎஸ் எடுங்க, நமக்குன்னு தனியா ஒதுக்குன சர்வர் மாதிரி. டிஜிட்டல் ஓஷன்ல 4 டாலர்ல இருந்து இருக்கு, சிங்கப்பூர் சர்வர், நம்ம இஷ்டத்துக்கு வச்சுக்கலாம் ஐநோடு தொல்லை இல்ல

பிரேம் சைபர்ஜெயா: கபிலு அந்த 4 டாலர்ல டிஸ்க்கு 10 ஜிபிதான், படத்துக்கு பத்தாது. பத்துனாலும் அத யாரு பாக்குறது? அப்டேட் போடணும், ஃபயர்வால் பாக்கணும், ராத்திரி விழுந்தா எழுப்பணும். நான் வேல மாறிட்டா இல்ல வெளிநாடு போயிட்டா சாந்தி அக்கா கறுப்பு ஸ்கிரீன்ல கமாண்டா அடிப்பாங்க

கபில் கூலிம்: நான் பாத்துக்குறேன்டா

பிரேம் சைபர்ஜெயா: போன வாட்டி பாத்துக்குறேன்னு சொன்னவன் எங்க இருக்கான்னு எல்லாருக்கும் தெரியும் 🙈

லோரி சிவா: ஜொகூர்ல வைங்களேன். நான் கூலாய் பக்கம் ஜல்லி ஏத்திட்டு போறேன், டேட்டா சென்டரா கட்டிக்கிட்டே இருக்கானுங்க. ஒரு மூலைல நம்ம படத்தயும் வக்க சொல்லு

பிரேம் சைபர்ஜெயா: அது பெரிய கைக்கு கட்டுறதுண்ணே 😄 அமேசான் கூட 2024 ஆகஸ்ட்ல மலேசியாவுலயே ரீஜன், அதான் அவனோட டேட்டா சென்டர் கூட்டம், தொறந்துட்டான், ஆனா அங்கல்லாம் ஓட ஓட பில்லு ஏறும், மாமாவுக்கு நெஞ்சு வலி வந்துரும்

கிராணி மாமா: சரி அப்ப என்னதான் எடுக்குறது சுருக்கமா சொல்லு

பிரேம் சைபர்ஜெயா: சுருக்கமா சொல்ல வராது மாமா. நமக்கு ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும். அது லயம் மாதிரி, ஒரு குழாத் தண்ணி எல்லா வூட்டுக்கும், பக்கத்து வூட்டுக்காரன் முழுசா தொறந்துட்டா நமக்கு சொட்டும், தீபாவளிக்கு நடந்ததும் அதுவா இருக்கலாம். ஆனா கம்பெனி நல்லதா இருந்தா ஒரே சர்வர்ல ரொம்ப பேர தள்ள மாட்டான். சர்வர் கேஎல்லயோ (கோலாலம்பூர்) சிங்கப்பூர்லயோ இருக்கணும், இங்கேர்ந்து சிங்கப்பூருக்கு பத்து மில்லிசெகண்ட் சுமாருக்கு போயிட்டு வந்துரும், அமெரிக்காவுல வச்சா 200க்கு மேல, பக்கம் நெறய படம் இருந்தா அது நல்லாவே தெரியும். நம்மூர்ல எக்ஸாபைட்ஸ், ஷின்ஜிரு மாதிரி இருக்கு, வெள்ளியிலயே கட்டலாம் டாலர் ஏறி எறங்குற கவல இல்ல

கிராணி மாமா: 99.9% ஓடும்னு எல்லாரும் போடுறான். அதுல எவன நம்புறது

பிரேம் சைபர்ஜெயா: 99.9னாலே மாசத்துக்கு 43 நிமிசம் படுத்துக்கலாம்னு அர்த்தம் மாமா, தாண்டுனாலும் அந்த மாச காசுல கொஞ்சம் கழிப்பான் அவ்ளோதான். நான் பாக்குறது வேற. சனிக்கெழம ராத்திரி பதினொரு மணிக்கு சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி போடுங்க, ஐநோடு லிமிட் எவ்ளோ, பேக்கப் எந்த ஊர்ல வக்கிறீங்கன்னு. மனுசன் எழுதுன பதில் வந்தா பேசலாம். மூணு வருசத்துக்கு மொத்தமா கட்டுனா மலிவும்பான், கட்டாதீங்க

சாந்தி அக்கா: பேக்கப் அவங்களே எடுக்குறாங்கதானே

பிரேம் சைபர்ஜெயா: எடுப்பாங்க, ஆனா நம்பி தூங்க முடியாதுக்கா. 2021 மார்ச் 10 பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்னு ஒரு ஊர்ல ஓவிஎச் டேட்டா சென்டர் தீப்பிடிச்சு ஒரு கட்டடம் முழுசா போச்சு, ஐரோப்பாவுல ரொம்ப பெரிய கம்பெனி அது. சில பேரோட பேக்கப்பும் அதே எடத்துல இருந்துச்சு, ரெண்டும் சேந்து எரிஞ்சது. முள்வேலி படத்தோட ஒரிஜினல் ஸ்கேன் இப்ப எங்க இருக்கு?

சாந்தி அக்கா: என் லேப்டாப்ல. டப்பா படம் திரும்ப பெரியப்பா வூட்டுக்கு போயிருச்சு

பிரேம் சைபர்ஜெயா: மொதல்ல ஒரு ஹார்டிஸ்க் வாங்கி காப்பி போட்டு மாமா வூட்ல வைங்க. ஹோஸ்டிங் அடுத்த மாசம் கூட மாத்தலாம்

கிராணி மாமா: கொண்டா, பீரோவுல வக்கிறேன். ரசீதோட

பிரேம் சைபர்ஜெயா: இன்னொன்னு, இதான் பெரிய தலவலி. டொமைன், அதான் நம்ம வெப்சைட்டு பேரு, யாரு பேர்ல பதிஞ்சிருக்கு

சாந்தி அக்கா: தினேஷ் பேர்ல. அவன்தானே ஆரம்பிச்சு வச்சான், அவன் ஈமெயில்லதான் எல்லாம் இருக்கு. மெல்போர்ன் போனதுலேர்ந்து மெசேஜ் பாக்க மாட்றான்

பிரேம் சைபர்ஜெயா: டொமைன் அவன் கையில இருக்குறவர நாம எந்த ஹோஸ்டிங் மாத்துனாலும் அவன் தயவுலதான். காலாவதியாச்சுன்னா அந்த பேரயே வேற எவனாச்சும் எடுத்துக்குவான். லாக்க எடுத்துட்டு டிரான்ஸ்ஃபர் கோடு குடுக்க சொல்லணும், நம்ம கணக்குக்கு மாத்திக்கலாம். மாத்துனப்புறம் டாட்காம்னா பொதுவா 60 நாளக்கி திரும்ப நவுத்த முடியாது, அதனால எங்க வக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு செய்யணும்

ராணி பெரியம்மா: என் மவனா பாக்க மாட்றான். இருங்க நான் போன் போடுறேன்

லோரி சிவா: முடிஞ்சுச்சு தினேஷ் கதை 🤣

ராணி பெரியம்மா: 🎤 வாய்ஸ் மெசேஜ் 2:41

கபில் கூலிம்: யாராச்சும் கேட்டீங்களா. ரெண்டு நிமிசம் திட்டுதான் இருக்கு

ராணி பெரியம்மா: பேசிட்டேன். லாக்கு எடுத்துட்டானாம். கோடு இதாம் எழுதிக்கிங்க

ராணி பெரியம்மா: 🚫 இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

பிரேம் சைபர்ஜெயா: நல்ல வேள பெரியம்மா, ஒரு நிமிசத்துல அழிச்சிட்டீங்க!! அத குரூப்ல போடக்கூடாது, கோடு கெடச்சவன் டொமைன தூக்கிட்டு போயிரலாம். இங்க 83 பேரு இருக்காங்க. தினேஷ புதுக்கோடு எடுத்து எனக்கு தனியா அனுப்ப சொல்லுங்க

ராணி பெரியம்மா: எல்லாம் நம்ம சொந்தந்தானே

கிராணி மாமா: சொந்தம் இருக்கட்டும். டொமைன் தோட்டத்து பொது ஈமெயில்ல போடு பிரேமு, பாஸ்வேர்டு சாந்திகிட்ட ஒன்னு என்கிட்ட ஒன்னு. ஹார்டிஸ்க்குக்கு ஆளுக்கு 20 வெள்ளி, சிவா நீதான் மொதல்ல

லோரி சிவா: மாமா சிக்னல் இல்ல காட்டுக்குள்ள இருக்கேன்