புதுப்பிப்பு: கிளிநொச்சியில இருந்து குடும்பமா கொழும்பு, கையக் கடிக்காம சுத்திப் பாத்தது

பள்ளிக்கூட லீவில நாலு பேர் மூண்டு நாள் கொழும்பு பாக்க, செலவு குறைய வழி கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, போட்டு வந்திட்டம்.

பெரிய மிச்சம் ஓட்டோ பிடிக்காம விட்டதிலதான். வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டில நிண்டதால காலி வீதியில 100, 101 பஸ்ஸே காணும், ஒருக்கா கோட்டைக்கு ரயிலிலயும் போனம், தண்டவாளம் கடலோரமா போறதால சின்னவன் யன்னல விட்டு அசையேல்ல. காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா ரெண்டும் சும்மா, இறால் வடைக்குத்தான் காசு போச்சு.

தேசிய மியூசியத்துக்கு போங்கோ எண்டு சொன்ன அண்ணைக்கு தனி நன்றி. 1877இல திறந்ததாம். உள்ளூர் ஆக்களுக்கு ரிக்கற் மலிவு, ஆனா எங்களோட வந்த கனடா மச்சாளுக்கு வெளிநாட்டு விலை, அத நாங்க யோசிக்கேல்ல. காலியில எடுத்த சீன, தமிழ், பாரசீக மும்மொழிக் கல்வெட்டு அங்க இருக்கு, 1409ஆம் ஆண்டு எண்டு திகதி போட்டது, நான் அதிலயே கனநேரம் நிண்டிட்டன்.

தாமரைக் கோபுரத்த வெளியில நிண்டு பாத்தா காணும் எண்ட யோசனை மட்டும் சரிவரேல்ல. சின்னவன் அழுதே ஏத்திப்போட்டான்.