தாடை மூட்டில் சீழ் பிடித்திருக்குமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

கேள்வி:
வணக்கம். அம்மாவுக்கு வயது 61. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒன்பது நாட்களுக்கு முன்பு வலது காதுக்கு முன்னால் வலி தொடங்கியது. காதில் குறையில்லை என்று காது மருத்துவர் சொல்லிவிட்டார். பல் மருத்துவமனையில் தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம் என்று வலி மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். இப்போது அந்த இடம் வீங்கிச் சுடுகிறது. மாலையில் 101 டிகிரி காய்ச்சல் வருகிறது. ஒரு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை என்றும் சொல்கிறார். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையைக் கொடுக்கலாமா?

மறுமொழி 1 (வாய், முக அறுவை மருத்துவர்):
தயவுசெய்து அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இன்றே வாய், முக அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். பற்கள் சேரவில்லை என்று அவர் சொன்னதே இங்கு முக்கியமான தடயம். மூட்டுக்குள் நீரோ சீழோ கோக்கும்போது தாடை எலும்பின் தலை கீழ்நோக்கித் தள்ளப்படுவதால், அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்களுக்கிடையே இடைவெளி விழும். முகவாய் எதிர்ப்பக்கம் சற்று விலகும். காதோர உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கினாலும் வலியும் காய்ச்சலும் வரும், ஆனால் பல் கடி பொதுவாக மாறாது. எலும்பு அரிப்பு எக்ஸ்ரேயில் தெரிய இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகலாம் என்பதால், படம் நன்றாக இருந்தது என்று ஆறுதல் கொள்ள முடியாது. எம்.ஆர்.ஐ. அல்லது சாய மருந்து செலுத்திய சி.டி. தேவைப்படும். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), இரத்த கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

நோயை உறுதி செய்வது மூட்டிலிருந்து ஊசியால் எடுக்கும் நீர்தான். சீழ் இருந்தால் மூட்டைச் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். இரண்டு ஊசிகளைச் செலுத்தி, ஒன்றின் வழியே உள்ளே விட்டு மற்றொன்றின் வழியே வெளியேற்றுவார்கள். கட்டியாகியிருந்தால் திறந்து வடிக்க நேரிடும். ஆன்டிபயாட்டிக் மருந்தை முதலில் இரத்தக் குழாய் வழியாகவும் பின்னர் மாத்திரையாகவும், மொத்தம் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை தருவது வழக்கம். தாமதித்தால் மூட்டு இறுகி எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளலாம். அருகிலுள்ள மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் தொற்று பரவலாம்.

மறுமொழி 2 (நுண்ணுயிர் ஆய்வகப் பணியாளர்):
மேலே மருத்துவர் ஐயா மாத்திரை வேண்டாம் என்றதன் காரணத்தைச் சொல்கிறேன். இந்தச் சிறிய மூட்டிலிருந்து கிடைப்பது சில சொட்டு நீர்தான். அதற்குமுன் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் கிருமி வளராமலே போகலாம். அதிகம் காணப்படுவது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அதிலும் எந்த மருந்து வேலை செய்யும் என்பது கல்ச்சர் முடிவைப் பார்த்தால்தான் தெரியும். கிருமிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் கிராம் சாயப் பரிசோதனையின் முடிவு அன்றே வந்துவிடும், கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். நோய் மெதுவாக முற்றியிருந்தால் காசநோய்க்கான சி.பி.நாட் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்டவர், ஆறு நாட்களுக்குப் பின்:
அன்றிரவே சேர்த்தோம். எம்.ஆர்.ஐ.யில் மூட்டில் நீர் தெரிந்தது, ஊசியில் சீழ் வந்தது, மூட்டைக் கழுவினார்கள். கல்ச்சரில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். காய்ச்சல் நின்று, பற்கள் சேரத் தொடங்கிவிட்டன. ஆனால் வாய் இன்னும் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. உங்கள் இருவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மறுமொழி 1:
மிக்க மகிழ்ச்சி, தம்பி. தொற்று அடங்கியதாக அங்குள்ள மருத்துவர் சொன்னதும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். வலிக்கிறதென்று நிறுத்தினால் மூட்டு இறுகிவிடும். அவருடைய மூன்று விரல்கள் மேலும் கீழும் உள்ள முன்பற்களுக்கிடையே செங்குத்தாக நுழையும்வரை பயிற்சி தொடர வேண்டும்.