கேஷ் என்பதற்குக் ‘கிட்டகம்’: முன்மொழிவும் மறுப்புகளுக்குப் பதிலும்

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியோ போனோ தூரத்தில் இருக்கும் தரவை உடனே எடுக்கப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் கேஷ் (cache). அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த மடல் இழையில் பதுக்ககம், பதுக்கு நினைவகம், இடைமாற்று நினைவகம், தற்காலிகச் சேமிப்பு, விரைவகம், நகலகம் என்று வரிசையாக வந்துவிட்டன. ‘கேஷ் என்றே விட்டுவிடலாமே’ என்ற கருத்தும் வந்திருக்கிறது. எல்லா மடல்களையும் படித்த பிறகு நான் ‘கிட்டகம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தச் சொல் யார் கண்ணில் படப்போகிறது என்று பார்க்க வேண்டும். சிப் வடிவமைக்கும் பொறியாளர் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் சமாளித்துக்கொள்வார். இன்று இந்தச் சொல்லை அதிகம் எதிர்கொள்பவர்கள் போன் வைத்திருக்கும் சாதாரண மக்கள். இடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வந்தவுடன் அமைப்புகளுக்குள் போகிறார்கள். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் அங்கே இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றைத் தொட்டால் கேஷ் மட்டும் போகும்; வேண்டியதைச் செயலி மறுபடி இறக்கிக்கொள்ளும். மற்றதைத் தொட்டால் அந்தச் செயலிக்குள் நாம் வைத்திருந்த அத்தனையும் போய்விடும்.

எங்கள் பெரியம்மா மாதச் சீட்டு நடத்துகிறவர். யார் எந்த மாதம் எடுத்தார், யாரிடம் பாக்கி நிற்கிறது என்பதையெல்லாம் போனில் ஒரு குறிப்புச் செயலியில்தான் எழுதி வைத்திருந்தார். போன் முழுக்கத் தமிழில். இடம் போதவில்லை என்று வந்ததும் அந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். ‘சேமிப்பகத்தை அழி’ என்று ஒரு பொத்தான், ‘தற்காலிகச் சேமிப்பை அழி’ என்று இன்னொன்று. தான் யோசித்ததைப் பிறகு என்னிடம் சொன்னார்: “தற்காலிகம்னா இப்ப எழுதிக்கிட்டிருக்கிற இந்த மாசக் கணக்குதானே? அதுல கை வைக்கக் கூடாதுன்னு மத்ததை அழுத்தினேன்பா.” பழைய கணக்கு, புதுக் கணக்கு எல்லாம் போயிற்று. உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு, ஒரு நோட்டில் திரும்ப எழுதினோம்.

பெரியம்மா யோசித்ததில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பொத்தானிலும் ‘சேமிப்பு’ இருக்கிறது. சேமிப்பு என்றால் தமிழில் பாடுபட்டுச் சேர்த்தது. அதற்கு முன்னால் ‘தற்காலிக’ என்று ஒட்டினால், இன்னும் முடியாத வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆகவே தற்காலிகச் சேமிப்பு என்பதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். தற்காலிகக் கோப்பு என்பது வேறு பொருள். அதற்கு மூலம் எங்கும் இல்லாமலும் இருக்கலாம். கேஷில் இருப்பது, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒன்றிலிருந்து இப்போது வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் எடுத்து வைத்தது. அடுப்படி அஞ்சறைப் பெட்டியில் கடுகு தீர்ந்தால் உள்ளே இருக்கும் டப்பாவிலிருந்து மறுபடி நிரப்பிக்கொள்கிறோம் அல்லவா, அந்த ஏற்பாடு. ‘கிட்டே இருக்கிறது, ஆனால் மூலச் சரக்கு வேறிடத்தில்’ என்ற எண்ணத்தைச் சொல் எழுப்பினால் போதும், பொத்தான் பயமுறுத்தாது.

இனி மறுப்புகள்.

> பதுக்கு நினைவகம் இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. மூலச் சொல்லுக்கும் நேரான பொருள். புதிதாக எதற்கு?

யாழ்ப்பாணத்து நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. மூலச் சொல் வந்த கதையும் அவர் பக்கம்தான் பேசுகிறது. பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இந்த உத்தியைப் பற்றி எழுதியபோது இதற்கு ‘அடிமை நினைவகம்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். பிறகு அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதை வணிக அளவில் கொண்டுவந்தது. அதைப் பற்றி 1968-இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் வந்த கட்டுரை தயாரானபோது பொறியாளர்கள் ‘அதிவேக இடையகம்’ என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். இதழாசிரியர் லைல் ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. இதைவிட நல்ல சொல்லாகக் கொடுங்கள் என்று கேட்டார். யாரும் கொடுக்காததால் ‘ஒளித்து வை’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்த கேஷ் என்ற சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தார். உலகம் முழுக்க அது நிலைத்துவிட்டது. நாம் இங்கே செய்துகொண்டிருக்கும் வேலையை ஐபிஎம்காரர்களும் செய்துதான் தீர வேண்டியிருந்தது என்பது எனக்குப் பெரிய தெம்பு.

ஒளித்து வைத்தல் என்ற பொருளும் அன்றைக்குப் பொருத்தம்தான். நிரல் எழுதுபவரின் கண்ணுக்கு அது தெரியாது. வன்பொருள் தானாகவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மறைவு இப்போது நிலைக்கவில்லை. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டைகள் என்ன காட்டின? ஒரு தரவைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தே, அது கேஷில் இருந்ததா இல்லையா என்று வெளியே உள்ள நிரல் கண்டுபிடித்துவிடுகிறது. அதை வைத்து, படிக்கவே கூடாத ரகசியங்களை எடுத்துவிடலாம். கிட்டே இருப்பது சீக்கிரம் வருகிறது, எட்டே இருப்பது தாமதமாக வருகிறது என்ற வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிட்டது.

அப்புறம் பதுக்கல் என்ற சொல்லின் வாடை. தமிழ்நாட்டில் பதுக்கல் என்றால் ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய், பறக்கும் படை. ‘உங்கள் உலாவி பதுக்கியவற்றை அழிக்கவா?’ என்று ஒரு திரை கேட்டால், உலாவி ஏதோ திருட்டு வேலை செய்திருக்கிறது என்றே தோன்றும். இலங்கைப் பாடநூலில் படித்து வருகிற மாணவருக்கு அந்த வாடை அடிக்காமல் இருக்கலாம். அங்கே அது வேரூன்றிய சொல். அதை யாரும் பிடுங்க வேண்டாம். இடைமுகத்தில் எழுதும் சொல்லைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

> இடைமாற்று என்பது போதுமே.

போதாது. இடையகம் என்பது ஏற்கெனவே பஃபருக்கு நன்றாக வழங்கிவருகிறது. பஃபரில் இருப்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் நிற்கும் தரவு. காணொளி ஓடும்போது முன்கூட்டியே வந்து நிற்கிறதே, அது பஃபர். இரண்டுக்கும் ‘இடை’ என்றே தொடங்கினால் கற்பிப்பவர் பாடு திண்டாட்டம். லினக்ஸ் இயங்குதளத்தில், நினைவகக் கணக்கைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பஃபரையும் கேஷையும் ஒரே நெடுவரிசையில் கூட்டிக் காட்டும். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் அந்த நெடுவரிசையில் பெரிய எண்ணைப் பார்த்து நினைவகம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பதறுவார்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தில் லினக்ஸ் கோப்புகளின் பக்கங்களைக் கிட்டே வைத்திருக்கிறது, கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. பெயரிலேயே கிட்டே வைத்தது என்று இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

விரைவகம் அழகான சொல். ஆனால் வேகம் கேஷின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. உலாவியின் கேஷ் பெரும்பாலும் வட்டில்தான் இருக்கிறது. நினைவகத்தோடு ஒப்பிட்டால் வட்டு மந்தம். தூரத்துச் சர்வரோடு ஒப்பிட்டால் கிட்டே இருக்கிறது, அவ்வளவுதான். சிப்புக்குள்ளும் இதே கதை: மிகக் கிட்டே இருக்கும் முதல்நிலைக் கேஷிலிருந்து எடுக்க ஒரு நானோவினாடி வாக்கில் ஆகும் என்றால், முதன்மை நினைவகம் வரை போய்வர 100 நானோவினாடிகூட ஆகலாம்.

இந்தத் தூரம் எவ்வளவு பெரிது என்பதை 1998-இல் வந்த, இன்டெலின் இரண்டு மலிவு விலைச் செலரான் சிப்கள் நேருக்கு நேர் காட்டின. செலரான் 300, செலரான் 300ஏ. இரண்டுமே 300 மெகாஹெர்ட்ஸ். முன்னதில் இரண்டாம்நிலைக் கேஷே கிடையாது. சில மாதம் கழித்து வந்த 300ஏ-வில் சிப்புக்குள்ளேயே 128 கிலோபைட் வைத்தார்கள். கேஷ் இல்லாத சிப் மந்தம் என்று பெயரெடுத்தது. 300ஏ கணினி ஆர்வலர்களின் செல்லப்பிள்ளை ஆனது. 1989-இல் இன்டெல் 80486 சிப்புக்குள் இருந்த கேஷ் 8 கிலோபைட். 2022-இல் ஏஎம்டி நிறுவனம் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பில் மூன்றாம்நிலைக் கேஷ் மட்டும் 96 மெகாபைட். சிலிக்கான் மேல் சிலிக்கானை அடுக்கி அதைக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டில் இடமில்லை என்றால் மாடி எடுத்தாவது கிட்டே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முனைப்பு அதில் தெரிகிறது. எனக்கு அந்தச் சிப்பின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும்.

நகலகம் வேண்டாம். தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் கடைப் பலகைகளில் ஏற்கெனவே அது உட்கார்ந்துவிட்டது. அதைவிட முக்கியமான காரணம், கேஷில் இருப்பது எப்போதும் வெறும் நகல் என்று சொல்ல முடியாது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று மாற்றங்களைக் கேஷிலேயே நிறுத்திவைக்கும் வகை உண்டு. அப்போது புதிய தரவு கேஷில், பழையது மூலத்தில். பென்டிரைவைச் சொல்லாமல் பிடுங்கினால் கோப்பு கெடுவதற்கு இது ஒரு காரணம். நகல் என்ற பெயர் அங்கே பொய்யாகிவிடும். ‘கிட்டே வைத்தது’ என்பது அங்கேயும் மெய்தான். போன் பொத்தானைப் பொறுத்தவரை அந்த ஆபத்து இல்லை. அழிக்கக் கொடுக்கப்படுவது திரும்பப் பெறக்கூடியவை மட்டுமே.

> கேஷ் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுதவும் செய்யலாமே?

பேச்சில் தாராளமாகச் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன், இந்த மடலிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் தமிழ் எழுத்தில் கேஷ் என்றால் முதலில் ரொக்கம். கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்கள். பணம் அனுப்பும் செயலியின் அமைப்பில் ‘கேஷை அழி’ என்று ஒரு பொத்தான் இருந்தால் யார் அழுத்துவார்கள்? ஒலி ஒன்றாக இருந்தாலும் ஆங்கிலத்தில் எழுத்து வேறு என்பதால் தப்பிக்கிறது. தமிழில் அந்த வசதி இல்லை.

இப்போது கிட்டகத்துக்கு வருகிறேன். கிட்டு என்ற வினைக்கு நெருங்கு என்றும் கைக்குக் கிடை என்றும் இரண்டு பொருள். கேஷின் வேலையும் இந்த இரண்டும்தான். ‘கிட்ட வா’ என்று குழந்தையைக் கூப்பிடுகிறோம், கிட்டப்பார்வை என்று கண் மருத்துவரிடம் கேட்கிறோம். இலங்கைக் கணிதப் பாடத்தில் ‘கிட்டிய முழு எண்’ என்று எழுதுகிறார்கள். ஆக, கடலுக்கு இரு பக்கமும் பழகிய வேர். நினைவகம், இடையகம் போல அகம் சேர்த்தால் கிட்டகம். நாலே எழுத்துக்கு மேல் ஓர் எழுத்து, பொத்தானில் அடங்கும்.

கூட்டுச் சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. தேடியது கேஷில் இருந்தால் கிட்டல், இல்லாவிட்டால் கிட்டாமை. கிட்டல் விகிதம் என்று பாடத்தில் எழுதலாம். முதல்நிலைக் கிட்டகம், இரண்டாம்நிலைக் கிட்டகம். 64 பைட் கொண்ட துண்டுக்குக் கிட்டக வரி. வினையாக வேண்டும்போது ‘கிட்டகத்தில் வை’ போதும். ‘கிட்டகப்படுத்து’ என்று இழுக்க வேண்டாம்.

ஒரு மறுப்பு எனக்கே உறைக்கிறது. தென் மாவட்டங்களில் கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு. காதில் கிட்டகம் அதைப் போல விழலாம், பொருளோ நேர் எதிர். தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து நண்பர்கள் இதைச் சொல்லிப் பார்த்து, குழப்புகிறதா என்று எழுதுங்கள். குழப்புகிறது என்றால் ‘அண்மையகம்’ என்பதை மாற்றாக வைத்துக்கொள்ளலாம். அண்மை என்பது இடத்தில் பக்கத்தையும் காலத்தில் சமீபத்தையும் சேர்த்துச் சொல்வதால் அதுவும் பொருந்தும். ஆனால் நீளம் கொஞ்சம் கூடுதல், பேச்சோடு ஒட்டுவதும் குறைவு.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்று உண்டு. கேஷில் இருப்பது பழசாகிவிட்டது, இனி அதை நம்பாதே என்று அறிவிக்கும் செயலுக்கு என்ன சொல்லலாம்? தேர்வு முடிவு வெளியான பிறகும் ‘விரைவில் வெளியாகும்’ என்றே உலாவி காட்டிக்கொண்டிருப்பது இதில் நேரும் கோளாறால்தான். உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு 1997-இல் வந்ததிலிருந்து, ஒரு பக்கம் எத்தனை வினாடி செல்லும் என்று சர்வரே சொல்லி அனுப்ப முடிகிறது. 86400 என்று போட்டால் ஒரு நாள் முழுக்க உலாவி மறுபடி கேட்கவே தேவையில்லை. ஒரு நாளில் மாறக்கூடிய பக்கத்துக்கு அப்படிப் போட்டால் பிள்ளைகள் பழைய பக்கத்தையே பார்த்துத் தவிப்பார்கள். ‘செல்லாததாக்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். ரூபாய் நோட்டு நினைவுக்கு வருகிறது, ஆனால் பொருள் சரியாகவே இருக்கிறது. ‘காலாவதியாக்கல்’ காலக்கெடு முடிந்ததற்கு மட்டுமே ஒத்துவரும்; மூலம் மாறியதால் நீக்குவதற்கு ஒத்துவராது. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வலைத்தளம் நடத்துகிறவர்கள் தினமும் இதைச் செய்கிறவர்கள். நீங்கள் என்ன சொல்லிப் புழங்குகிறீர்கள் என்று எழுதுங்கள்.

நான் உதவிவரும் கட்டற்ற மென்பொருளின் தமிழ்க் கோப்பில் ‘கிட்டகத்தை நீக்கு’ என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘உங்கள் குறிப்புகள் அப்படியே இருக்கும்’ என்று சேர்த்திருக்கிறேன். சின்னத் திரையில் இரண்டு வரியும் வெட்டுப்படாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரைப்பிடிப்பை இங்கேயே அனுப்புகிறேன்.

அன்புடன்.