ஓடும்போது த்ரோ முதுகுல பட்டா அவுட்டா? வேணும்னு பண்ணான்னு எப்படி முடிவு பண்றது?

கடைசி ஓவர்: நேத்து எங்க ஏரியா டென்னிஸ் பால் மேட்ச், எங்க டீம் தம்பி, 17 வயசு, ரெண்டாவது ரன்னுக்கு கீப்பர் எண்டுக்கு ஓடுறான், லாங் ஆன்ல இருந்து வந்த த்ரோ அவன் முதுகுல பட்டு தெறிச்சிருச்சு. வேணும்னே குறுக்க வந்தான்னு அம்பயர் அவுட் குடுத்துட்டாரு. நடுவுல ஒரு தடவ திரும்பி பால பாத்தது உண்மை, கொஞ்சம் உள்பக்கமா வந்ததும் உண்மை. ஆனா ஏமாத்துற பையன் இல்ல, "சீட்டர்"னு கத்துனதுல அழுதுட்டான். ரூல் என்ன சொல்லுது?

ஞாயிறு கீப்பர்: கிரிக்கெட் விதிகள எழுதுற எம்சிசி கிளப்போட விதி 37 ப்ரோ. வேணும்னே தடுத்தா தான் அவுட், தெரியாம பட்டாலோ அடிபடாம இருக்க கைய கால குறுக்க வச்சாலோ நாட் அவுட். திரும்பி பாத்தது மட்டும் தப்பில்ல, பால் எங்க இருக்குன்னு பாக்காம எவன் ரெண்டாவது ரன் ஓடுவான்? எதுக்கு உள்பக்கமா வந்தான், அதான் கேள்வி. லைன மாத்துனது வேணும்னே தான், ஆனா பால மறைக்கவா வேற எதுக்காவதா, அது வேற விஷயம்.

ஆஃப் ஸ்டம்ப்: இங்கிலாந்து பிளேயர் பென் ஸ்டோக்ஸ எடுத்துக்கோங்க. 2015 லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல ஆஸ்திரேலியா பவுலர் ஸ்டார்க், கிட்டக்க இருந்து ஸ்டம்புக்கு எறிஞ்ச பால் அவர் கைல பட்டுச்சு, கிரீஸுக்கு வெளிய நின்னாரு, தற்காப்புக்கு கை போச்சுன்னு சொன்னாரு, தேர்ட் அம்பயர் அவுட் குடுத்தாரு. அதே லார்ட்ஸ்ல 2019 உலகக் கோப்பை ஃபைனல், ஸ்டோக்ஸ் டைவ் அடிக்கும்போது நியூசிலாந்து ஃபீல்டர் கப்டில் த்ரோ பேட்ல பட்டு பவுண்டரிக்கு போச்சு, யாரும் அப்பீல் கூட பண்ணல, 6 ரன் குடுத்தாங்க. ரெண்டாவதுல அவர் பால பாக்கவே இல்ல, அது எல்லாருக்கும் தெரிஞ்சுது. முதல்ல நடந்தத ஸ்லோ மோஷன்ல பாத்தா கை நிதானமா போற மாதிரி இருக்கும், நிஜத்துல கண்ண மூடி திறக்குற நேரம் தான், அத வச்சு மனச படிக்கிறது எனக்கு ஒப்பல. வீடியோ இருந்தா நார்மல் ஸ்பீட்ல பாருங்க.

கடைசி ஓவர்: ஃபிரண்ட் ஃபோன்ல எடுத்தது இருக்கு, இப்ப தான் பாத்தேன். ஓரத்துல மழைத்தண்ணி தேங்கின குழி ஒண்ணு இருக்கு அண்ணா, அத சுத்தி தான் உள்ள வந்திருக்கான். முதல் ரன் ஓடும்போதும் அதே குழிய அதே மாதிரி சுத்தி போயிருக்கான், அப்ப பால் இன்னும் ஃபீல்டர் கைக்கே போகல. அம்பயருக்கு அனுப்பிட்டேன், தம்பி காலைல இருந்து ஃபோன் எடுக்கல, வீட்டுக்கே போய் காட்டப்போறேன்.